நாற்பத்து மூன்று நாள் சார்

1-8-2001, புதன்.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். மாலை வகுப்பில் சுருட்டு இருப்புப் பட்டியலை அச்சிடும்போது இடது பக்கம் ஓரம் விடவில்லை. முதல் எழுத்துகள் வெட்டுப்பட்டு ஒரு தாள் வீணாயிற்று. இரண்டாவது தாளில் சரியாக வந்தது. ஜெபா மிஸ் திட்டவில்லை. “எதுக்கும் ஓரம் விடணும் லோகநாயகி” என்று மட்டும் சொன்னார். இனி அச்சிடுமுன் ஓரம் பார்க்க வேண்டும்.

*

மேலே உள்ளது என் டைரியின் ஒரு பக்கம். அதை இன்று, செப்டம்பர் ஒன்பதாம் தேதி மாலை, மறுபடி எடுத்துப் படித்தேன். அன்றைக்கு நான் தவறு என்று எழுதிவைத்தது ஓரத்தை. உண்மையான தவறு அதே தாளின் நடுவில் இருந்திருக்கிறது. அது என் கண்ணில் படவில்லை. நடந்ததை முதலிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் எனக்கே புரியுமோ என்னவோ.

எங்கள் முதலாளி திருநாவுக்கரசுக்கு இரண்டு இடங்கள். சதுரங்கப்பட்டினத்தில் சவுக்குத் தோப்புக்குப் பக்கத்தில் சுருட்டுக் கட்டும் கொட்டகை. மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்கள் தங்கும் தெருவில் கடை. கடைக்கு மேலே ஒரு அறை. அதில் ஒரு மர அலமாரி. அலமாரியில் இருபத்து நாலு சிறு அறைகள், ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. கொட்டகையில் கட்டிய சுருட்டுகளைத் தகர டப்பாவில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்து அந்த அறைகளில் அடுக்குவதும், எந்த அறையில் எந்தக் கட்டு என்று நோட்டில் எழுதுவதும் என் வேலை. மாலை ஐந்தரைக்குக் கிளம்பி திருக்கழுக்குன்றம் கணிப்பொறி வகுப்பு. எட்டு மணிக்கு வீடு.

கொட்டகையில் நாலு பெண்கள். அவர்களில் சந்திரம்மா அக்காதான் கலவை பார்ப்பவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஐந்து வருடம் முன்பு வரை வாயலூர்ப் பக்கம் நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்தவர். புகையிலையைக் கையில் எடுத்ததும் முகர மாட்டார். இலையை விரலில் சுற்றிக் காதருகே வைத்து நொறுங்கும் சத்தத்தைக் கேட்பார். பிறகு ஒரு துணுக்கைக் கிள்ளி நாக்கின் நுனியில் வைப்பார். முழுதாய்க் கட்டிய சுருட்டைக் குடித்தும் பார்ப்பார், கொட்டகைக்குப் பின்னால் நின்று, நெருப்பு முனையை வாய்க்குள் வைத்து. முதல் தடவை பார்த்தபோது நான் பயந்துபோய்த் தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

“இன்னாத்துக்குமே ஓடியாறே? வூடு பத்திகிச்சா?” என்றார், வாயிலிருந்து சுருட்டை எடுத்துவிட்டு. “காத்துல வெளிய வெச்சிக் குடிச்சா காத்து பாதி துன்னுரும். எனுக்குக் கலவ தெரியணும். அதான் உள்ள.”

எங்கள் சுருட்டு அதுவரை மலிவுச் சரக்கு. இலையை நறுக்கி உள்ளே போட்டு, மேலே ஒரு இலையைச் சுற்றி, கஞ்சிப் பசையில் ஒட்டி, ஒரு வாரத்தில் விற்றுவிடுவோம். அதை மாற்ற வேண்டும் என்று சொன்னதே சந்திரம்மா அக்காதான். நறுக்காமல் நீட்டு இலையாக உள்ளே வைக்கலாம், வடிவம் ஒன்றுபோல் வர மர அச்சில் அழுத்தலாம், கட்டியபின் நாற்பது நாள் அலமாரியில் விடலாம் என்று மூன்று யோசனைகள்.

“நறுக்கிப் போட்டா பொட்டு பொட்டுனு சாம்பல் வுயும். நீட்டுக்கா வெச்சா நின்னு எரியும். ஆனா நாப்பது நாளு தூங்கணும். பாதியில எழுப்பினா பச்சப்புள்ள மாதிரி கத்தும்” என்றார்.

முதலாளி சிரித்தார். ஆனால் மர அச்சு செய்யச் சொல்லிவிட்டார். அவருக்கும் ஒரு கணக்கு இருந்தது. கடற்கரை ஓட்டல் ஒன்று டிசம்பர் சீசனுக்கு உயர்ந்த ரகச் சுருட்டு, அழகான பெட்டியில், கேட்டிருந்தது. அதற்கு வெளியூர் ஏஜெண்ட் ஒருவரும் வாசனை போட்ட சுருட்டில் மாதிரிக்குச் சில அனுப்பியிருந்தார். அவருடையதை எடுத்தால் சுருட்டு கட்டியே வந்துவிடும். கொட்டகையில் காகிதப் பட்டை ஒட்டிப் பெட்டியில் அடுக்குவதுதான் மிச்ச வேலை. சந்திரம்மா அக்காவுடையதை எடுத்தால் கலவை அவருடையது, கொட்டகைக்குத் தலைவி அவர், மாதச் சம்பளம்.

இதில் அவர் வீட்டு விஷயமும் மாட்டிக்கொண்டிருந்தது. அவர் கணவர் ராமதாஸ் கல்பாக்கத்தில் கான்ட்ராக்ட் கூலி. சிங்கப்பெருமாள் கோயில் அருகே புதிதாக வந்த கம்பெனி ஒன்றில் வாட்ச்மேன் வேலை, தங்க ஒரு அறையோடு, அவருக்கு வந்திருந்தது. அவருக்குப் போக ஆசை. அக்காவுக்கு இல்லை. “அஞ்சாந் தேதி குடிச்சிப் பாத்து சொல்றாங்கோ, அது வரிக்கும் பொறு. எம் பச்ச நூலு செயிச்சா நீ இங்கியே கெட. தோத்தா நான் வாய தொறக்காம வண்டி ஏறுறேன்” என்று என் எதிரிலேயே அவரிடம் சொன்னார். பச்சை நூல் என்பது அவர் கலவைக்கு அடையாளம். பழைய சரக்குக்குச் சிவப்பு, ஏஜெண்ட் சுருட்டுக்கு மஞ்சள்.

பச்சை நூல் கட்டு இரண்டு உண்டு. முதல் கட்டு ஜூன் 23ஆம் தேதி கட்டியது, பன்னிரண்டு சுருட்டு. அதில் ஒன்றை ஒரு மாதம் கழித்து என்னிடம் கேட்டு வாங்கிக் குடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளே, ஜூலை 27ஆம் தேதி, அதே கலவையில் இன்னொரு இருபது கட்டினார். அதிலிருந்தே அவர் மனது எனக்குத் தெரிந்தது.

என் நோட்டு அழகாக இருக்காது. ஒரு அறை காலியானால் புதுக் கட்டு அங்கே போகும், பழைய தேதியை அடித்துப் புதிதை மேலே எழுதுவேன். நாலாம் அறையில் ஜூலைத் தேதி, பதினேழாம் அறையில் ஜூன் தேதி, நடுவில் விற்காமல் தங்கிய மே, மறுபடி ஜூலை. “இன்னாமா இது, கோழி கிண்டின மாரி கீது?” என்றார் முதலாளி ஒரு நாள். அது மனதில் தைத்தது. வகுப்பில் அந்த வாரம் பட்டியல் போடுவதும் வரிசைப்படுத்துவதும் நடந்தன. நோட்டைக் கொண்டுபோய் முழுதும் அடித்தேன். அறை எண், நூல் நிறம், தேதி. தேதி வரிசையாக இருந்தால் நன்றாயிருக்கும் என்று தேதிப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்துக் கறுப்பாக்கி வரிசைப்படுத்தச் சொன்னேன். கணிப்பொறி ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டது. மிஸ் வேறு மேசையில் இருந்தார். தேர்ந்தெடுத்ததை மட்டும் வரிசைப்படுத்தவா என்பது போலப் பட்டது. ஆமாம், அதைத்தானே நான் கேட்டேன் என்று அழுத்தினேன். தேதிகள் மேலிருந்து கீழாக மணி கோர்த்த மாதிரி அமைந்தன. எண்ணும் நிறமும் நின்ற இடத்திலேயே நின்றன. நான் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாளை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினேன். பழைய நோட்டைக் கீழ்த் தட்டில் போட்டேன்.

ஆகஸ்ட் ஐந்து, ஞாயிறு. மூன்று பேர் நாலு மணிக்கு வந்தார்கள். இவர்கள் மாதம் ஒரு ஞாயிறு மேல் அறையில் கூடிச் சுருட்டுக் குடிப்பவர்கள். குடிப்பதைவிடப் பேசுவது அதிகம். சதாசிவம் சார் கல்பாக்கத்தில் பெரிய என்ஜினியர், திருநெல்வேலிக்காரர். அலமாரிக்குள் ஈரப்பதம் காட்டும் முள் கருவியை வைத்தவர் அவர்தான். நரசிம்மன் சார் பாங்கில் ரிட்டயர் ஆனவர், செங்கல்பட்டு. நாற்பது வருடமாக ஒரே திருச்சிச் சுருட்டு. நிதின் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி. வெளிநாடு போகும்போதெல்லாம் பெட்டி வாங்கி வருவார். ஓட்டல்காரர் இவர்கள் சொல்வதைத்தான் கேட்பார் என்று முதலாளிக்குத் தெரியும். யார் கலவை என்று சொல்லக் கூடாது என்பது அவர்கள் விதி. நான் ஒரு மூலையில் உட்கார்ந்து யார் என்ன சொன்னார்கள் என்று எழுத வேண்டும்.

கடல் காற்று ஜன்னல் வழியே வந்து சாம்பலைக் கலைத்தது. ஜன்னலைச் சாத்தினால் வேர்த்தது. கீழே உளிச் சத்தம். மசால் வடையும் டீயும் வைத்தேன்.

“வடை சாப்பிட்டா நாக்குக் கெட்டுடும்” என்றார் நிதின்.

“நாக்கு கெட்டா போகட்டும், வடை கெட்டா வருத்தமாயிருக்கும்” என்று நரசிம்மன் சார் இரண்டை எடுத்துக்கொண்டார்.

முதலில் சிவப்பு. நரசிம்மன் சார் நாலு இழுப்பில் வைத்துவிட்டார். “இது நம்ம ஊர் பஸ் மாதிரி. போய்ச் சேந்துடும், ஆனா ஆட்டம்.”

அடுத்து மஞ்சள்.

“வெனிலா” என்றார் நிதின் உடனே. “சார், உள்ள கட்டியிருக்கிறது இலையே இல்ல. தூளை அரைச்சுத் தாள் மாதிரி இழுத்து அதைச் சுத்தியிருக்காங்க. இப்ப வெளிநாட்டிலயே மலிவு ரகத்துல இதான் பண்றாங்க. மெஷின்ல போகும், ஒரே அளவா வரும்.”

“பேப்பர் எரியிற வாசனை வருதே, அதா?” என்றார் சதாசிவம் சார்.

“அதேதான். ஆனா சீரா எரியுது பாருங்க. மாப்பிள்ளை பெஞ்ச் மாணவன் மாதிரி இல்ல, முதல் பெஞ்ச்.”

“முதல் பெஞ்ச்தான். பவுடர் பூசிட்டு வந்திருக்கான்” என்றார் நரசிம்மன் சார்.

பிறகு நான் அலமாரியைத் திறந்தேன். தாளைப் பார்த்தேன். பச்சை இரண்டு இடத்தில் இருந்தது. நாலாம் அறைக்கு எதிரே 23-6. பதினேழுக்கு எதிரே ஜூலைக் கடைசித் தேதி ஒன்று. நாலிலிருந்து மூன்று எடுத்தேன்.

மூன்று பேரும் பற்றவைத்தார்கள்.

“கட்டு பிரமாதம்” என்றார் நிதின். “நீட்டு இலை. சாம்பலைப் பாருங்க, ஒரு அங்குலம் நிக்குது. அச்சுல அழுத்தியிருக்காங்க.”

“சாம்பலையா திங்கப்போறோம்? மூக்குல ஏறுது ஓய்” என்று நரசிம்மன் சார் கண்ணைத் துடைத்தார்.

சதாசிவம் சார் சுருட்டை மூக்குக்குக் கீழே நகர்த்தினார். “அமோனியா. எங்க லேப்புல பாட்டில் திறந்தா வருமே, அப்பிடி. இது பச்சையா இருக்கிற இலைதான் இப்பிடி அடிக்கும். ஏம்மா, இது எத்தனை நாள் ஆச்சு?”

நான் தாளைப் பார்த்தேன். விரலால் எண்ணினேன். ஜூனில் ஏழு, ஜூலையில் முப்பத்தொன்று, ஆகஸ்டில் ஐந்து.

“நாற்பத்து மூன்று நாள் சார்.”

“நல்லாப் பாரு.”

“பாத்தேன் சார். நாற்பத்து மூன்று.”

பதில் தயாராய் இருந்ததில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. அவர் சுருட்டைச் சாம்பல் கிண்ணத்தில் வைத்தார். “அப்பம் கலவையே தப்பு. நாற்பத்து மூணு நாளைக்குப் பிறகும் இந்த வாடை போகலேன்னா இனிமேல் போகாது. இலை சரியாப் பதப்படல. குறைச்ச நாள்னா அடுத்த மாசம் பாப்போம்னு சொல்லலாம்.”

நிதின் மட்டும் இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தார். “உள்ள ஏதோ நல்லது ஒண்ணு இருக்கு சார்.”

“உள்ள இருந்தா யாருக்குய்யா லாபம்?” என்றார் நரசிம்மன் சார்.

அதை அப்படியே எழுதினேன். என் கையெழுத்து அன்று நன்றாக இருக்கிறது.

மறுநாள் காலை கொட்டகையில் முதலாளி சொன்னார். அவர் கடுமையாகச் சொல்லவில்லை. சந்திரம்மா அக்கா இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். தெளிப்பதை நிறுத்தவில்லை.

“எந்தக் கட்ட குட்தே?” என்று என்னைக் கேட்டார்.

“ஜூன் கட்டுதான்க்கா. நாற்பத்து மூணு நாள்.”

“அத்த நான் குடிச்சிப் பாத்தனே. முப்பத்தி மூணாவது நாளு. தேனு மாரி எறங்கிச்சே.” இன்னொரு கை தண்ணீர் தெளித்தார். “மூணு பேருக்குமா மூக்குல ஏறுச்சி?”

“ரெண்டு பேர் சொன்னாங்க. ஒருத்தர் கட்டு நல்லாருக்குன்னார்.”

“கட்ட யாரு கேட்டா? கட்டு எவ வேணா கட்டுவா.” தண்ணீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “படிச்சவங்க, ஊரு ஊராப் போயிக் குடிச்சவங்க. அவுங்க மூக்கு பொய் சொல்லாது. அப்போ எந் நாக்குதான் செத்துப்போச்சி.”

அன்று முழுவதும் அவர் இலையை நாக்கில் வைக்கவில்லை. பக்கத்திலிருந்த செல்லம்மாவிடம் நீட்டி, “நீ பாரு, எனுக்குத் தெர்ல” என்றார். செல்லம்மா பயந்துபோய், “எனுக்கு இன்னா தெரியும், நீயே சொல்லு” என்றாள். இலை இரண்டு பேர் கைக்கு நடுவில் அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை முதலாளி மஞ்சளுக்கு ஆர்டர் கொடுத்தார். ராமதாஸ் கம்பெனிக்கு ஆள் அனுப்பி, இருபதாம் தேதி வந்து சேர்வதாகச் சொன்னார்.

பதினாறாம் தேதி, வியாழன். வகுப்பில் ஒரு பையன் மார்க் பட்டியலை வரிசைப்படுத்தினான். எல்லோருக்கும் மார்க் மாறி, எப்போதும் தவறுகிற அவனே முதலில் வந்துவிட்டான். வகுப்பே சிரித்தது. ஜெபா மிஸ்ஸும் சிரித்தார். “ஒரு பத்தியை மட்டும் நகர்த்தினா இப்படித்தான். பேரு ஒரு இடத்துல, மார்க்கு வேற இடத்துல. முழு அட்டவணையும் சேர்ந்து நகரணும்.”

நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் என் தேதிப் பத்தி நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை முதல் ஆளாகக் கடைக்குப் போய்ப் பழைய நோட்டை எடுத்தேன். நாலாம் அறை, பச்சை, 27-7. பதினேழாம் அறை, பச்சை, 23-6. ஐந்தாம் தேதி அவர்கள் குடித்தது ஒன்பது நாள் சுருட்டு. தாளையும் நோட்டையும் பக்கத்தில் வைத்து மூன்று முறை பார்த்தேன். நோட்டுதான் சரி, ஏனென்றால் அதில் அடித்தல் திருத்தல் இருந்தது.

முதலாளியிடம் சொன்னேன். அவர் நோட்டைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார்.

“ஆர்டர் போயிட்ச்சி. அட்வான்ஸ் குட்தாச்சி. பெட்டிக்கு டிசைன் அடிச்சிகினு கீறாங்க.”

“சந்திரம்மா அக்காகிட்ட…”

“சொல்லி? அது போவமாட்டேன்னு ஒக்காந்துக்கும். இங்க ஒட்ற வேலதான் கீது. அந்த ஆளு வாட்ச்மேன் வேலையும் போயிடும். நல்லது பண்றேன்னு பேஜாரு பண்ணிடாத. நீயும் சின்னப் பொண்ணு, வேல கீது, படிச்சிகினு கீற. வுட்ரு.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது போலவே பட்டது. இப்போதும் முழுப் பொய் என்று சொல்ல முடியவில்லை. ஆனால் “வேல கீது” என்ற இடத்தில் எனக்குக் கொஞ்சம் பயம் வந்ததும் உண்மை. இரண்டில் எது என்னைத் தடுத்தது என்று எழுதப் பார்க்கிறேன். வரவில்லை.

சனிக்கிழமை மதியம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். கால்வாய்க்கு இந்தப் பக்கம், ஓலை மாற்றி ஓடு போட்ட இரண்டு அறை. வாசலில் பாத்திரங்கள் கோணிக்குள் கட்டியிருந்தன. ராமதாஸ் கட்டிலின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“வாம்மே லோகா. ஒக்காரு, ஆனா எதுலனு கேக்காத. எல்லாத்தியும் இந்தாளு கட்டிட்டாரு. கொஞ்சம் வுட்டா என்னியும் கட்டிருவாரு” என்றார் அக்கா.

“உன்னியக் கட்டித்தான் இருபத்தஞ்சி வருசமா முயிச்சிகினு கீறேன்” என்றார் ராமதாஸ்.

கேழ்வரகுக் கூழும் சுட்ட நெத்திலியும் கொடுத்தார். அடுப்பு மட்டும் இன்னும் கட்டப்படாமல் இருந்தது. அக்கா சிரித்துப் பேசினார். இரண்டு வாரத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அதுவும் எனக்குச் சாக்காயிற்று. கூழ் முடிந்தபின் சொல்லலாம் என்றிருந்தேன். கூழ் முடிந்தது. மோர் கொடுத்தார். மோர் முடிந்தபின் என்றிருந்தேன்.

ராமதாஸ் கயிற்றைக் கொடியில் போடப் பின்பக்கம் போனார். அக்கா என் பக்கம் நகர்ந்து குரலைத் தாழ்த்தினார்.

“தோ பாரு, ஒண்ணு கேக்கறேன். ராவும் பகலும் அதே நெனப்பாக் கீது. நீ ஒயுங்கா எழுதறவ, அதான் உன்னியக் கேக்கறேன். அது அந்தக் கட்டுதானா? மாறிகீறிப் போவலியே? நாப்பத்தி மூணுதானே?”

கேட்டுவிட்டார். நான் வாயைத் திறந்தால் போதும். பின்பக்கம் ராமதாஸ் கயிற்றை உதறும் சத்தம் கேட்டது. கோணியில் கட்டிய பாத்திரங்களைப் பார்த்தேன்.

“ஆமாக்கா. நாற்பத்து மூணு.”

“சரி வுடு.” அவர் உடனே எழுந்துவிட்டார். “கேட்டுகினாதான் ஆறும். இனிமே இந்த நாக்க வெச்சிகினு இன்னா பண்றது, அங்க சோத்துக்கு உப்பு பாக்கவாவது ஆவுதானு பாக்கணும்.”

சொன்னதை அவரே வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தார். மாடத்திலிருந்து பச்சை நூல் கண்டை எடுத்து என் பையில் போட்டார். “பாதிக்கு மேல கீது. எதுனா கட்ட ஆவும்.”

ஞாயிறு காலை டெம்போ வந்தது. நான் போகவில்லை. தலைவலி என்று டைரியில் எழுதியிருக்கிறேன். தலைவலி இல்லை.

இன்று மூன்று பேரும் மறுபடி வந்திருந்தார்கள். புதுப் பெட்டிகள் வந்துவிட்டன. பளபளவென்று யானை படம் போட்ட பெட்டி, ஒவ்வொரு சுருட்டுக்கும் தங்க நிறப் பட்டை. முதலாளி ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டுக் கீழே வாடிக்கைக்காரர் வந்ததால் இறங்கிப் போனார்.

நரசிம்மன் சார் பாதியில் வைத்தார். “சென்ட் பாட்டிலைக் கொளுத்தின மாதிரி இருக்கு.”

“நாமதான் சார் தேர்ந்தெடுத்தோம்” என்றார் நிதின்.

“மூணில எது குறைச்சல் மோசம்னு சொன்னோம். அதுக்குப் பேர் தேர்ந்தெடுக்கிறதா? பெட்டியைக் கொண்டா, பெட்டி நன்னாயிருக்கு. பேனா போட்டுக்கறேன்.”

நான் யோசித்துச் செய்ததில்லை. அலமாரியைத் திறந்து நாலாம் அறையிலிருந்து மூன்றை எடுத்தேன். அதில் மிச்சமிருந்த பதினேழு சுருட்டில் மூன்று. பச்சை நூலை அவிழ்க்காமலே அவர்கள் முன் வைத்தேன்.

“மறுபடியும் இவனா?” என்றார் நரசிம்மன் சார். இருந்தும் பற்றவைத்தார்.

டீயில் ஆடை படிந்தது. காற்று அடித்தும் சாம்பல் விழவில்லை. நரசிம்மன் சார் கண்ணைத் துடைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“இது அது இல்லையே” என்றார் சதாசிவம் சார் கடைசியில். “நூல்தான் அதே நூல். நாம தேடிட்டிருந்தது இதைத்தாம்லா. எத்தனை நாள்?”

“நாற்பத்து நாலு சார். அது இதேதான். போன மாசம் அஞ்சாம் தேதி நீங்க குடிச்சதும் இதே கட்டு. அன்னைக்கு ஒன்பது நாள்.”

“நாப்பத்து மூணுன்னியே?”

“பட்டியல் தப்பு சார். நான் போட்ட பட்டியல்.”

அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். சுருட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “என் மூக்கு சரியாத்தான் சொல்லுச்சு, இது ஒன்பது பத்து நாள் சரக்குன்னு. தாளுல நாற்பத்து மூணுன்னு இருந்ததும் மூக்கை விட்டுட்டுத் தாளைப் பிடிச்சேன்.”

“யார் கலவைம்மா?” என்றார் நிதின்.

“சந்திரம்மான்னு கொட்டகையில இருந்தாங்க.”

“பொம்பளையா?” என்றார் நரசிம்மன் சார். “குடிச்சுப் பாக்காம எப்படி?”

“குடிப்பாங்க சார். நெருப்பை வாய்க்குள்ள வெச்சு.”

அவர் தன் சுருட்டின் எரியும் முனையைத் திருப்பிப் பார்த்தார். “கூப்பிடு, கையைக் குலுக்கணும்.”

“போயிட்டாங்க சார்.”

முதலாளி அதற்குள் படியேறி வந்திருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. சதாசிவம் சார் அவரிடம் பேசினார். மார்ச் வரை ஒப்பந்தம், அதற்கப்புறம் பார்க்கலாம், அந்தம்மா இப்ப வேற ஊரு, வேற வேலை என்றார் முதலாளி. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அது ‘சரி’யா ‘போதும்’ என்பதா என்று எனக்கு விளங்கவில்லை. அவர்கள் போனபின் ஒட்டிய தாளைக் கதவிலிருந்து கிழித்தேன். பசை பிடித்திருந்த இடத்தில் தேதிகள் மட்டும் மரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. நகத்தால் சுரண்டினேன்.

சந்திரம்மா அக்கா நம்பிக் கேட்டது என்னை ஒருத்தியைத்தான். முதல் தடவை நாற்பத்து மூன்று என்றது தெரியாமல். இரண்டாவது தடவை தெரிந்து. அதைத் தவறு என்ற சொல்லில் எழுதக் கூடாது என்று நினைக்கிறேன். வேறு சொல் இருக்கிறது. அதை நேரில் சொல்ல வேண்டும்.

நாளை, திங்கள்: காலை ஆறரைக்குச் செங்கல்பட்டு பஸ். அங்கிருந்து சிங்கப்பெருமாள் கோயில். கம்பெனி கேட்டில் ராமதாஸ் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். பழைய நோட்டு, அடித்தல் திருத்தலோடு. பதினேழாம் அறையில் தொடாமல் இருக்கிற பதினொரு சுருட்டு, பச்சை நூலில் கட்டி. நாளையோடு எழுபத்தொன்பது நாள். தீப்பெட்டி. அக்கா ஒன்றைக் குடித்து முடிக்கும்வரை பேசாமல் நிற்க வேண்டும். பிறகு அந்தச் சனிக்கிழமை அவர் வீட்டில் நான் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். கடைக்கு லீவு சொல்லவில்லை.